எங்கள் குன்றுகளில் ஓர் இத்தாலி

பிளசன்டனிலிருந்து சுனோல் வரைக்கும் கிடக்கும் குன்றுகளுக்கு வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் பச்சை. பிறகு எல்லாம் வைக்கோல். இவ்வளவு படித்து, இவ்வளவு தூரம் பறந்து, இந்த மொட்டைக் காட்டுக்கா வந்து சேர்ந்தோம் என்று முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. பன்னிரண்டு வருடம் அந்தக் குன்றுகளை ஃப்ரீவேயிலிருந்து மட்டுமே பார்த்தேன். உள்ளே மண் சாலைகள் ஓடுகின்றன, அவற்றில் சைக்கிளில் போகலாம், போனால் உயிர் போய் உயிர் வரும் என்பதெல்லாம் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர். லண்டனில் படித்து இங்கே வந்து, குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குள்ளே எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க, நாங்கள் பார்க்கிங்கில் காபியோடு நின்று கிரீன் கார்டு வரிசையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் தன் காரின் பின்னால் மாட்டியிருந்த சைக்கிளில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருப்பார். லாக்டவுனில் எல்லோரையும் போல நானும் ஒரு சைக்கிள் வாங்கி கராஜில் நிறுத்தியிருந்தேன். பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோது, "ஐசே, அதை வெளியில எடுத்துக்கொண்டு வாரும். கராஜுக்குள்ள வைச்சு அதுக்கு என்ன சாம்பிராணியே காட்டுறீர்?" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

நாங்கள் ஓட்டியது கிராவல் பைக். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரிதான் இருக்கும், டயர் மட்டும் தடிமன். சரளையிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. காட்டுத்தீ வந்தால் தீயணைப்பு வண்டி ஏறுவதற்காக எங்கள் குன்றுகளில் பாதைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஃபயர் ரோடு என்பார்கள். அத்தனையும் மேய்ச்சல் நிலம் என்பதால் வழிநெடுக இரும்பு கேட்டுகள். திறந்தவன் மூடிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் மாடு வெளியே போய்விடும். டாக்டர் முன்னால் போய்ச் சங்கிலியைக் கழற்றித் திறப்பார். நான் பின்னால் வந்து மூடுவேன். நான்கு வருடச் சனிக்கிழமைகள் இப்படித்தான் போயின.

மழையில் மாடு நடந்த குளம்புத் தடமெல்லாம் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். அதன்மேல் இறங்கினால் பல்லெல்லாம் ஆட்டம் கண்டுவிடும், கை மரத்துப்போகும். இந்தச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கை மரத்துப்போவது சகஜம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டாக்டரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய ஆசை இத்தாலி. டஸ்கனி மலைப்பக்கத்தில் தார் போடாத வெள்ளைச் சாலைகள் இருக்கின்றன, சுண்ணாம்புச் சரளை. திராட்சைத் தோட்டத்துக்கும் ஒலிவ மரங்களுக்கும் நடுவே ஏறி இறங்கிப் போகும். அங்கேயும் குளிர்காலத்தில் மழை, கோடையில் காய்ந்த நிலம், நம்முடைய அதே பருவம்தான் என்பார். ஐந்து நாளுக்கு ஒரு பாதை வரைந்து வைத்திருந்தார். சாட்டிலைட் படத்தில் ஒவ்வொரு திருப்பத்தையும் பார்த்திருந்தார். எந்தச் சர்ச் வாசலில் தண்ணீர்க் குழாய், எந்தப் பண்ணையில் நாய், எந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும் எல்லாம் அத்துப்படி. போகாத ஊருக்கு இவ்வளவு துல்லியமாக வழி சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை.

"எப்ப போறீங்க டாக்டர்?" என்று கேட்டால், "நீர் வரேக்க" என்பார்.

நான் வர முடியாததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு மேல் விசாவில் இருக்கிறேன். வெளியே போனால் திரும்பி வர, தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டில் புதிதாக விசா முத்திரை, அதாவது ஸ்டாம்பிங், வாங்க வேண்டும். அதற்காகச் சென்னை போன என் டீம் ஆள் ஒருவன் நான்கு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டு, இங்கே வேலையை இழந்தான். அதைப் பார்த்த பயத்தில் நான் எங்கேயும் போவதை நிறுத்திவிட்டேன். அப்பாவின் காரியத்தைக்கூட லேப்டாப் முன்னால் வேட்டி கட்டி உட்கார்ந்து வீடியோவில்தான் பார்த்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நான்காவது வருடம் அக்டோபரில், ஒரு நீண்ட இறக்கத்தில், எனக்கு முன்னால் போன டாக்டர் திருப்பத்தில் திரும்பாமல் நேராக முள்வேலிக்குள் போனார். ஓடிப்போய்த் தூக்கினேன். கன்னத்தில் கீறல், சட்டை கிழிசல், அவ்வளவுதான். அவர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் பிடிச்சனான். கை பிடிக்கேல்லை," என்றார்.

டிசம்பரில் முடிவு தெரிந்துவிட்டது. எனக்கு அதை ஒரு கேட்டின் முன்னால் வைத்துத்தான் சொன்னார். வழக்கம்போல முன்னால் போனவர் சங்கிலியைக் கழற்ற முடியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கழற்றினேன்.

"ஐசே, எனக்கு மோட்டார் நியூரோன் வருத்தம்," என்றார். அவர்கள் ஊரில் நோயை வருத்தம் என்பார்கள். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு, இந்த வரிசையில் போகுமாம், கொஞ்சம் முன்பின்னாக. மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது, எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும் என்றார். வேறு யாருடைய கேஸையோ விளக்குவது போலத்தான் சொன்னார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

"வாற மே மாசம் வரைக்கும் இந்தக் கால் என்ட சொல்லுக் கேக்கும். அதுக்கடுத்த மே கேக்காது. உம்மட கடிதம் வந்தவுடன சொல்லும். போயிட்டு வருவம். தனிய போனா எனக்கு ஆர் கேட் திறக்கிறது?"

கடிதம் என்று அவர் சொன்னது இதுதான். அந்த இலையுதிர் காலத்தில் என் வரிசை ஒருவழியாக நகர்ந்து, கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தோம். கார்டு வர இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும். அதற்கு நடுவில் ஒரு பயண அனுமதிக் கடிதம் வரும். அது கையில் இருந்தால் ஸ்டாம்பிங் இல்லாமலே வெளிநாடு போய்த் திரும்பலாம்.

பொங்கலுக்கு முதல் நாள் அது தபாலில் வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மாதாமாதம் வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுப் பேசுவோம். ஆனால் தனக்கு ஏதாவது வந்துவிட்டால் மட்டும் வாயே திறக்கமாட்டோம். கார்டு கைக்கு வந்து, ஒரு வாரம் பீரோவில் தூங்கிய பிறகுதான் இனிப்புப் பெட்டியோடு கிளம்புவோம். முன்கூட்டிச் சொன்ன ஒரு குடும்பத்துக்கு மறு மாதமே கூடுதல் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. கண்ணு பட்டுவிட்டது என்று பக்கத்து ஊர் டப்ளினிலிருந்து ஃப்ரீமான்ட் வரை பேசினார்கள். நானும் பேசினேன். பொறியியலில் மாஸ்டர்ஸ் படித்த வாய் அது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க, டாக்டர்கிட்ட கூட. கார்டு கைக்கு வரட்டும்," என்றாள் மனைவி. சமையலறைப் பக்கத்து பேன்ட்ரியில் ஓர் அடுக்கைக் காலி செய்து சாமி அலமாரியாக வைத்திருந்தோம். கடிதத்தின் மூலையில் குங்குமம் வைத்து, முருகர் படத்தின் காலடியில் சாய்த்து நிறுத்தினாள். கடிதத்தில் அச்சாகியிருந்த என் பாஸ்போர்ட் சைஸ் முகம் முருகருக்குக் கீழே அசடு வழிந்துகொண்டு இருந்தது.

மறுநாள் மதியம் டாக்டரும் அவர் மனைவியும் பொங்கலுக்குச் சாப்பிட வந்தார்கள். இலை போடுவதற்கு முன் அவர் நேராக அலமாரியின் முன் போய் நின்று விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். வடையைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. அவர் வந்து உட்கார்ந்து, சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருக்கிறது என்றார், வலது கையால் மெதுவாகச் சாப்பிட்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு மனைவியும் நானும் விசாரணை நடத்தினோம். படிக்கிற கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. சாமி கும்பிடும்போது கண்ணை மூடித்தான் இருந்தார். பார்த்திருக்கமாட்டார் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

பிப்ரவரியில் கேட்டார். "கடிதம் ஏதும் வந்ததோ?"

"இன்னும் வரல டாக்டர்."

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருக்கவில்லை. போவதா வேண்டாமா என்று வக்கீலிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "போகலாம். போகாமல் இருந்தால் இன்னும் நல்லது," என்றார் அந்த மனிதர். திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி முறைத்துப் பார்த்தால் பதினைந்து வருடமும் போச்சு. என் மகளுக்குப் பதினேழு வயது. அவள் விண்ணப்பமும் என்னுடையதோடு கட்டியதுதான். நான் தடுக்கி விழுந்தால் அவளும் விழுவாள். அப்பாவின் பிணத்துக்குப் போகாதவன் சைக்கிள் ஓட்ட இத்தாலிக்குப் போனானாம் என்று சென்னையில் சொந்தக்காரர்கள் பேசுவார்கள். போகாமல் இருப்பதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன, நல்ல காரணங்களே இருந்தன. அவற்றை அப்படியே அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது டாக்டர், நீங்கள் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தால், அவருக்கு மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமாவது மிஞ்சியிருக்கும். வேறு ஆள் தேடியிருப்பார். நான் அதைக்கூட அவருக்கு விடவில்லை.

மார்ச்சில் கேட்டார். "இல்ல டாக்டர்." ஏப்ரலில் கேட்டார். "ரொம்ப டிலே ஆகுதாம் டாக்டர்." போனை வைத்தபோது மகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தமிழில் பேசினால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லும் ரகம்.

"அப்பா, ஜஸ்ட் டெல் ஹிம் யூ ஆர் ஸ்கேர்ட்," என்றாள்.

உனக்கு ஒன்றும் தெரியாது, போய்ப் படி என்று கத்தினேன்.

ஏப்ரல் கடைசியில் டாக்டர் எனக்கு ஒரு பாதையை அனுப்பினார். டஸ்கனி பாதையின் மூன்றாவது நாளை எடுத்து, அதில் உள்ள ஏற்றம் ஒவ்வொன்றுக்கும் ஈடாக எங்கள் குன்றுகளில் ஒரு ஏற்றம் தேடி, ஒன்றோடொன்று கோத்திருந்தார். அறுபத்திரண்டு கிலோமீட்டர். வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஒரே கையால் மவுஸ் பிடித்துச் செய்திருக்கிறார். "உமக்கு அங்க வரேலாட்டில் என்ன, இத்தாலியை இஞ்ச கொண்டு வருவம்," என்று குரல் செய்தி. அதற்குள் குரல் லேசாகக் குழற ஆரம்பித்திருந்தது.

மே முதல் வாரச் சனிக்கிழமை போனோம். சைக்கிள் கடையில் இரண்டு பிரேக்கையும் வலது கைக்கே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இடது கையைக் கைப்பிடியோடு வைத்து, பட்டி போட்டு நான்தான் கட்டிவிட்டேன். கேட்டுகளை நானே திறந்து நானே மூடினேன். புல் பாதி பச்சை, பாதி மஞ்சளாக இருந்தது. ஏற்றங்களில் அவர் என்னைவிட நன்றாகவே ஓட்டினார். நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் இத்தாலியைக் காட்டினார்.

"அந்த யூகலிப்டஸ் வரிசையைச் சைப்பிரஸ் எண்டு நினையும். இந்த மாட்டுத் தொட்டிதான் சர்ச் வாசல் குழாய். அங்க தெரியுதே 680 ஃப்ரீவே, அதைப் பாக்கப்படாது. அது இத்தாலியில இல்லை."

கடைசி ஏற்றத்தில் அவருக்குக் கால் நின்றுவிட்டது. இறங்கவும் முடியவில்லை, சாயாமல் இருக்கவும் முடியவில்லை. நான் என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். ஒரு கையால் அவர் சைக்கிளையும் இன்னொரு கையால் அவரையும் தள்ளிக்கொண்டு மேலே வந்தேன். பிறகு இறங்கிப் போய் என்னுடையதை எடுத்து வந்தேன். உச்சியில் காற்று அடித்தது. தூரத்தில் வளைகுடாத் தண்ணீர் கொஞ்சம் தெரிந்தது.

"எப்பிடி, இத்தாலி மாதிரி இருக்கோ?" என்றார்.

"நாம ரெண்டு பேருமே பாத்ததில்லையே டாக்டர்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கச் சிறிது நேரம் ஆனது. கீழே கடைசி கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் கேட்டைத் திறந்து அவரை வெளியே விட்டேன். மூடுவதற்காகத் திரும்பியபோது பின்னாலிருந்து கேட்டார்.

"கடிதம் ஏதும்…?"

கார் நூறடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மே மாதத்தில் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. கொக்கியில் சங்கிலியை மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "ஜூன்ல வரும்ன்றாங்க டாக்டர்," என்றேன்.

"ஓம்," என்றார்.

அவ்வளவுதான். சங்கிலியை மாட்ட, வேண்டியதைவிட நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அதுவரை அவர் சைக்கிளில் சாய்ந்து காத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவர் சைக்கிள் ஏறவில்லை. ஆகஸ்டில் ஊன்றுகோல். தீபாவளிக்குச் சக்கர நாற்காலி. அவர் மனைவி ஆள் வைத்துக் குளியலறை வாசலை இடித்து அகலமாக்கினார். கிறிஸ்துமஸ் வாரத்தில் பேச்சு முழுதாகப் போய்விட்டது. நான் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசுவது? இந்த வாரம் எந்தப் பாதை சேறாக இருக்கிறது, எந்த கேட்டில் புதுப் பூட்டு என்று சொல்வேன். போகாமலே, நெட்டில் பார்த்துவிட்டுச் சொல்வேன். அவர் இல்லாமல் நான் ஒருமுறைகூடக் குன்றேறவில்லை.

பிப்ரவரியில் கார்டு வந்தது. பச்சையும் வெள்ளையுமாக, கிரெடிட் கார்டு அளவு. இதற்காகவா என்று மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனைவி அழுதாள். ஒரு வாரம் பீரோவில் வைத்தோம். பிறகு வழக்கப்படி இனிப்புப் பெட்டிகள் வாங்கினோம். முதல் பெட்டி டாக்டருக்குத்தான் என்றாள்.

அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ," என்று பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தார். "அவருக்கு இப்ப விழுங்கேலாது தம்பி, குழாயாலதான் சாப்பாடு. நான் பிறகு பிள்ளைகளுக்குக் குடுக்கிறன்."

டாக்டர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். எதிரே ஒரு ஸ்கிரீன். கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தால் அது எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவார். ஒரு வார்த்தைக்கு அரை நிமிடம் ஆகும்.

"வந்துடுச்சு டாக்டர். கார்டே வந்துடுச்சு," என்றேன்.

கண் நகர ஆரம்பித்தது. வாழ்த்துச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'கடிதம் பொங்கலண்டே பாத்தனான்.'

பிப்ரவரியில் கேட்டது, மார்ச்சில் கேட்டது, ஏப்ரலில் கேட்டது, அந்தக் கடைசி கேட்டில் கேட்டது எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்து எங்கள் குன்றுகளில் எனக்காக ஓர் இத்தாலியைக் கோத்திருக்கிறார். மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா, நினைத்தேனா, இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் கண் மறுபடியும் நகர்ந்தது. இந்த முறை ரொம்ப நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை தப்பான எழுத்து விழுந்து அழித்தார்.

'நீராச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.'

எழுதி முடித்ததும் களைத்துப்போய்க் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். அந்த ஸ்கிரீனில் எழுதியதை அழிக்க அவர் கண்ணால்தான் முடியும். அவர் எழுந்திருக்கும்வரை அந்த வரி அப்படியே இருந்தது, நானும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.